பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பும் முன் தண்டனைப் பட்டியலைப் படியுங்கள்

கராத்தே வகுப்பில் பிள்ளையைச் சேர்த்த பெற்றோர் ஆறேழு மாதம் கழித்து இரண்டு கேள்விகளோடு வருவார்கள். "மாஸ்டர், எப்ப போட்டிக்குக் கூட்டிட்டுப் போவீங்க?" அப்புறம், "எதை அடிச்சா எத்தனை பாயிண்ட்?" இரண்டாவதற்குப் பதில் சொல்ல ஒரு நிமிடம் போதும். கையால் குத்தினால் ஒன்று, உடம்பில் உதைத்தால் இரண்டு, தலைக்கு உதைத்தாலோ கீழே விழுந்தவர்மேல் முறையாக ஓர் அடி வைத்தாலோ மூன்று. முறையே யூக்கோ, வசாரி, இப்பான் என்று பெயர். எட்டுப் புள்ளி வித்தியாசம் வந்துவிட்டால் ஆட்டம் அப்போதே முடிந்தது. எட்டு வயதுப் பையன்கூட இதை ஒரே மாலையில் ஒப்பித்துவிடுவான். எதைச் செய்தால் தண்டனை என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நான் பார்த்தவரையில் பதக்கம் கைநழுவிப் போவது பெரும்பாலும் அங்கேதான்.

நான் திண்டுக்கல் பக்கம் ஒரு சிற்றூரில் வகுப்பு நடத்துகிறேன். இந்தப் பக்கத்து மாஸ்டர்கள் பலரைப் போல எனக்கும் சிலம்பமும் கராத்தேயும் ஒரே மைதானத்தில்தான். முதலில் கற்றது சிலம்பம். போட்டிக்கு இறங்கியது கராத்தேயில். பிறகு மாணவர்கள் பள்ளிப் போட்டிகளுக்காக டேக்வாண்டோ, ஜூடோ என்று போனபோது, அவர்களோடு அந்தக் களங்களின் ஓரத்திலும் போய் உட்கார வேண்டி வந்தது. அப்படி உட்கார்ந்து கவனித்ததில் எனக்குப் பட்டது இது: ஒவ்வொரு கலையின் போட்டி விதியும் ஏதோ ஒன்றைக் கண்டு பயப்படுகிறது. எதைக் கண்டு பயம் என்று புரிந்துவிட்டால் தண்டனைப் பட்டியலில் பாதி தானாகவே மனதில் நின்றுவிடும்.

கராத்தேக்குப் பயம், முகத்தில் படும் அடி. இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட டோக்கியோ ஒலிம்பிக்கின் ஓர் ஆட்டத்தைப் போட்டுக் காட்டிவிடுவேன். 2021 ஆகஸ்ட் 7, நிப்பான் புடோகான் அரங்கம். ஆண்கள் 75 கிலோவுக்கு மேற்பட்ட குமிதே, அதாவது நேருக்கு நேர் மோதும் பிரிவின் இறுதிப் போட்டி. சவுதி அரேபியாவின் தாரெக் ஹமேதி, ஈரானின் சஜாத் கஞ்சாதேயைவிட 4-1 என்று முன்னிலையில் இருந்தார். வென்றால் சவுதிக்கு ஒலிம்பிக் வரலாற்றிலேயே முதல் தங்கம். அந்த நேரத்தில் தலையை நோக்கி அவர் வீசிய உதை முழு பலத்தோடு இறங்கியது. கஞ்சாதே நினைவிழந்து விழுந்தார், ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். நடுவர்கள் கூடிப் பேசினார்கள். முடிவு: ஹமேதிக்கு ஹன்சோகு, அதாவது தகுதிநீக்கம். நினைவிழந்து கிடந்தவருக்குத் தங்கம், நின்றுகொண்டிருந்தவருக்கு வெள்ளி.

ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு பையன் கேட்பான்: "நாக் அவுட் பண்ணவன் எப்படி மாஸ்டர் தோப்பான்?" குத்துச்சண்டை பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அநியாயமாகத்தான் தெரியும். ஆனால் உலகக் கராத்தே சம்மேளனத்தின் விதியில் அடியை எங்கே நிறுத்துகிறோம் என்பதும் திறமையின் பகுதி. பெரியவர்கள் பிரிவில் முகத்தில் லேசாகப் படலாம். சிறுவர் பிரிவுகளில் கைக்குத்து முகத்தைத் தொடவே கூடாது. 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு முகக்கவசமும் உண்டு. இதனால் ஒரு வேடிக்கை நடக்கும். வகுப்பில் மற்ற பிள்ளைகளை அழவைத்து 'பலசாலி' என்று பெயர் வாங்கியவன், மாவட்டப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே மூன்று எச்சரிக்கை வாங்கிக்கொண்டு திரும்புவான். ஒல்லியாக, பயந்த மாதிரி நிற்கிற பெண் குழந்தை, முகத்துக்கு ஒரு விரல் முன்னால் கையை நிறுத்திப் புள்ளி புள்ளியாகச் சேர்த்துவிடும். எங்கள் வகுப்பில் தினமும் கடைசிப் பத்து நிமிடம் இதற்குத்தான். சுவரில் ஒட்டிய காகிதத்தை முழு வேகத்தில் குத்த வேண்டும், காகிதம் அசையக்கூடாது.

குமிதேயில் பிள்ளைகள் மாட்டுகிற இன்னொரு இடம், புள்ளி அடித்த அடுத்த நொடி. அடித்ததும் எதிராளிக்கு முதுகைக் காட்டிக் கையை உயர்த்துவார்கள். கைபேசியில் கால்பந்து பார்த்து வந்த பழக்கம். இங்கே அடித்த பிறகும் கண்ணும் காப்பும் எதிராளிமேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் நடுவர் அந்தப் புள்ளியைத் தராமலே விடலாம். போதாததற்கு, தன்னைக் காத்துக்கொள்ளாமல் நின்றதற்கு எச்சரிக்கையும் வரும். ஜப்பானிய வாள் கலையான கெண்டோவில் இது இன்னும் கடுமை. புள்ளி கொடுத்த பிறகு கை முஷ்டியை உயர்த்திக் கொண்டாடினால் கொடுத்த புள்ளியையே திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அதைக் கேட்ட ஒரு மாணவன், "அப்ப எப்பதான் சந்தோஷப்படுறது?" என்றான். கும்பிட்டு வெளியே வந்த பிறகு தாராளமாகக் குதிக்கலாம்.

செஞ்சு என்று ஒரு சலுகை உண்டு. எதிராளி ஒரு புள்ளியும் எடுக்காத நிலையில் முதலில் புள்ளி எடுத்தவருக்கு அது கிடைக்கும். ஆட்டம் 3-3 என்று சமனில் முடிந்தால் செஞ்சு வைத்திருப்பவர் வென்றார். இதை எல்லா மாஸ்டரும் சொல்லிக்கொடுப்பார்கள். அது எப்படிப் பறிபோகும் என்பதைச் சொல்வது குறைவு. கடைசி 15 வினாடிகளில் அதை வைத்திருப்பவர் சண்டையைத் தவிர்த்துப் பின்னால் ஓடினாலோ, கோட்டைத் தாண்டினாலோ, கட்டிப்பிடித்து நேரம் கடத்தினாலோ செஞ்சு போய்விடும். முன்னிலையில் இருக்கிற பிள்ளைக்கு இயல்பாகவே ஓடத்தான் தோன்றும். வெளியே உட்கார்ந்திருக்கும் அப்பாவும் "பின்னால போ, பின்னால போ" என்று கத்துவார். அந்தக் கத்தலைக் கேட்டுப் பின்னால் போய்த் தோற்ற ஆட்டங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. இப்போது பயிற்சியில் '15 வினாடி பாக்கி, நீ ஒரு புள்ளி முன்னால்' என்ற நிலையைத் தனியாக ஆடவைக்கிறேன். முன்னால் போய் அடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் நின்று எதிராளியின் கையைச் சமாளிக்க வேண்டும்.

அடிபட்ட மாதிரிப் படுத்துக்கொள் என்று பிள்ளைக்குச் சொல்லித்தருகிற பெரியவர்களும் இருக்கிறார்கள். எதிராளிக்குத் தண்டனை வாங்கித்தரலாம் என்ற கணக்கு. காயத்தை மிகைப்படுத்துவதற்கே விதியில் தண்டனை உண்டு, நடிப்பு அப்பட்டமாக இருந்தால் தகுதிநீக்கம் வரை போகும். அதோடு, விழுந்தவர் பத்து வினாடிக்குள் எழுந்து நிற்காவிட்டால் அந்தப் போட்டியின் குமிதே முழுவதிலிருந்தும் விலக்கப்படுவார். சொல்லித்தந்தவருக்கு இது தெரிந்திருக்காது, களத்தில் படுத்திருப்பது பிள்ளைதானே.

சரி, டேக்வாண்டோவுக்கு வருவோம். இதன் பயம் வேறு: பார்ப்பவர்களுக்கு ஆட்டம் சலித்துப் போய்விடுமோ என்பதும், தீர்ப்பில் சந்தேகம் வந்துவிடுமோ என்பதும். இரண்டாவது பயம் எங்கிருந்து வந்தது என்பதற்கு 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கைப் பார்த்தால் போதும். பிரிட்டனின் சாரா ஸ்டீவன்சன் தலைக்கு உதைத்ததை நடுவர்கள் கவனிக்கவில்லை. சீனாவின் சென் சோங் வென்றதாக அறிவித்துவிட்டு, வீடியோ பார்த்த பின் முடிவை மாற்றினார்கள். அதே ஒலிம்பிக்கில் கியூபாவின் ஆங்கெல் மாத்தோஸ், காயத்துக்கு ஒதுக்கிய ஒரு நிமிடம் தாண்டிவிட்டது என்று தகுதிநீக்கம் செய்யப்பட்டதும் நடுவரின் முகத்திலேயே உதைத்தார், வாழ்நாள் தடை. 2012 லண்டனில் உடல் கவசத்தில் மின்னணு உணரி வந்தது, 2016 ரியோவில் தலைக்கவசத்திலும் வந்தது. வீடியோ மறுபரிசீலனைக்கு அட்டை காட்டும் முறையும் அந்தக் காலத்தில் நிலைபெற்றது.

இயந்திரம் புள்ளி தருகிறது என்றால், இயந்திரத்துக்குப் பிடித்த மாதிரி உடம்பு மாறிவிடும். முன்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கத்திச்சண்டை மாதிரி காலாலேயே தட்டித் தட்டி ஆடுகிறார்களே என்று பழைய ஆட்கள் குறைபடுவார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. உணரி இருக்கிற பாதம் உணரி இருக்கிற கவசத்தில் போதிய பலத்தோடு பட வேண்டும். அதற்கு எது விரைவான வழியோ அதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும். உடம்பில் குத்தினால் ஒன்று, உடம்பில் உதைத்தால் இரண்டு, தலையில் மூன்று. சுழன்று உதைத்தால் உடம்புக்கு நான்கு, தலைக்கு ஐந்து. உடம்பில் படும் குத்தை மட்டும் இன்னும் மனிதக் கண்தான் பார்த்துத் தர வேண்டும். அதனாலேயோ என்னவோ, பிள்ளைகள் அதை நம்புவதில்லை.

டேக்வாண்டோவில் தண்டனைக்குக் கம்ஜம் என்று பெயர். ஒரு கம்ஜம் வாங்கினால் எதிராளிக்கு ஒரு புள்ளி. 2022 முதல் மூன்று சுற்றில் இரண்டை வெல்பவருக்கு வெற்றி என்று ஆட்டமுறை மாறியது. ஒரே சுற்றில் ஐந்து கம்ஜம் சேர்ந்தால் அந்தச் சுற்றே போய்விடும். எதற்கெல்லாம் கம்ஜம்? கோட்டைத் தாண்டினால். பாதம் தவிர வேறு எந்த உறுப்பு தரையில் பட்டாலும். இடுப்புக்குக் கீழே உதைத்தால், பிடித்து இழுத்தால், முதுகைக் காட்டி ஒதுங்கினால். கையால் முகத்தில் குத்தினால்.

கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். கராத்தேயில் முகத்துக்கு நேராக நிறுத்திய குத்துதான் எங்கள் பிள்ளைகளின் சோறு. கால் வாரிக் கீழே தள்ளி அடித்தால் மூன்று புள்ளி. இந்த இரண்டு பழக்கத்தோடு டேக்வாண்டோ களத்துக்குள் போகிற பிள்ளை முதல் சுற்றிலேயே தண்டனைகளால் எதிராளியை ஏற்றிவிடும். அங்கிருந்து இங்கே வருபவர்களின் நிலைமை இன்னும் மோசம். கவசத்தின்மேல் பலமாக உதைத்தால்தான் புள்ளி விழும் என்று பழகிய கால், கவசம் இல்லாத தலையில் அதே பலத்தோடு இறங்கினால் என்ன ஆகும் என்பதற்குத்தான் டோக்கியோ இறுதிப் போட்டியைச் சொன்னேன். ஆகவே இரண்டும் தெரிந்த மாணவர்களை ஒரே வாரத்தில் இரண்டு போட்டிக்கும் நான் அனுப்புவதில்லை. பள்ளி உடற்கல்வி ஆசிரியர்கள் சில சமயம் கேட்பார்கள்: "உங்க பையன்தான் கராத்தே ஆடுறானே சார், டேக்வாண்டோவுக்கும் பேர் கொடுத்துடலாமா?" கொடுக்கலாம், மாற்றிப் பழக ஒரு பருவம் கொடுத்தால்.

ஜூடோ என்னை மிகவும் யோசிக்கவைத்த களம். அதற்குப் பயம், சும்மா நிற்பவர்களைக் கண்டு. எதிராளியின் பிடியை மட்டும் தடுத்துக்கொண்டு தாக்காமல் இருந்தால் ஷிடோ, அதாவது தண்டனை. தாக்குவதுபோல் பாவனை செய்தால் ஷிடோ. களத்தைவிட்டு வெளியே அடி வைத்தாலும் ஷிடோ. ஜூடோவில் ஷிடோவால் எதிராளிக்குப் புள்ளி ஏறாது. ஆனால் மூன்றாவது வந்தால் ஆட்டமே முடிந்தது. நான்கு நிமிடம் சமனில் முடிந்தால் அடுத்து வரும் கூடுதல் நேரத்துக்குக் கால எல்லை இல்லை. அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் இரண்டு பேரில் யார் மூன்றாவது ஷிடோ வாங்குகிறார் என்பதே முடிவாகிவிடும். "எதுவுமே செய்யலையே, எப்படித் தோத்தான்?" என்று ஓர் அம்மா கேட்டார். எதுவும் செய்யாததால்தான் அம்மா என்றேன்.

கால்களைக் கையால் பிடித்து வீழ்த்தும் முறைகளை 2010-இல் ஓரளவும் 2013-இல் முழுவதுமாகவும் ஜூடோவில் தடைசெய்தார்கள். மல்யுத்தம் பழகிவிட்டு ஜூடோவுக்கு வரும் பையன்களுக்கு இதுதான் பெரிய தொல்லை. பயிற்சியில் எத்தனை முறை சொன்னாலும், நெருக்கடியில் கை தானாகக் காலுக்குப் போகும். இன்னொன்று, தலையைத் தரையில் ஊன்றிப் பாய்ந்து எறிவது. இதற்கு ஷிடோ எல்லாம் கிடையாது, நேராகத் தகுதிநீக்கம். கழுத்து முறிந்துவிடும் என்பதால் வைத்த விதி. இதில் யாரோடும் வாதாடக்கூடாது.

பயிற்சியாளராக எனக்கு ஜூடோவில் பிடித்த விதி, வாயை மூடச் சொல்வது. ஆட்டம் ஓடும்போது பயிற்சியாளர் பேசக்கூடாது. நடுவர் 'மத்தே' என்று நிறுத்தியிருக்கும் இடைவெளியில் மட்டும் சொல்லலாம். நம் ஊர்ப் போட்டிகளில் களத்தைச் சுற்றி நின்று பத்துப் பேர் பத்து விதமாகக் கத்துவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் பிள்ளைக்கு அதில் ஒன்றும் விளங்காது. ஜூடோ வந்த பிறகு கராத்தேயிலும் என் பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். ஆட்டம் நிற்கும்போது இரண்டே சொல், பிள்ளைக்கு முன்பே பழக்கமான சொல்லாக.

சிலம்பத்தில் என்ன பயம் என்று கேட்டால், கம்பு கைவிட்டுப் போவதுதான் என்பேன். ஒற்றைக் கம்பு வீச்சு, இரட்டைக் கம்பு வீச்சு போன்ற பிரிவுகளில் சுழற்சியின் வேகம், காலடி, உடம்பின் நெளிவு எல்லாம் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். கம்பு தரையில் விழுந்தால் அதுவரை ஆடியதன் மதிப்பு இறங்கிவிடும். கம்புச் சண்டையில் கம்பு உடம்பைத் தொட்டால் புள்ளி. பிரச்சினை என்னவென்றால், உடம்பில் எங்கே தொட்டால் எத்தனை, தலை கணக்கில் உண்டா, குத்துக்கு இடமுண்டா என்பதெல்லாம் நடத்தும் சங்கத்துக்குச் சங்கம் மாறும். கராத்தே, டேக்வாண்டோபோல எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே புத்தகம் இன்னும் வரவில்லை. ஊர்த் திருவிழாவில் வாத்தியார் சொன்னதே சட்டம் என்று ஆடிவந்த கலை போட்டிக் களத்துக்கு வரும்போது இப்படி ஆவது இயல்புதான். ஆனால் போட்டி அன்று காலை நடுவர்கள் கூட்டத்தில் விதியைச் சொல்லும்போது டீ குடிக்கப் போய்விடாதீர்கள். அங்கே கேட்காத கேள்வியை ஆட்டம் முடிந்து கேட்டுப் பயனில்லை.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. தமிழ்நாடு அரசு வேலைக்கான மூன்று சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சேர்ந்திருக்கிறது. அதிலிருந்து வகுப்பில் கூட்டம் கூடியிருக்கிறது. கூட்டத்தோடு சேர்ந்து 'சர்வதேசப் போட்டி' என்று போடும் பேனர்களும் கூடியிருக்கின்றன. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எடை விஷயத்தை நம் நாட்டில் இனி யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2024 பாரிஸில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் 50 கிலோ பிரிவின் இறுதிக்கு வந்துவிட்டு, இரண்டாம் நாள் காலை 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி இழந்தார். மல்யுத்தத்தில் இரண்டு நாளும் எடை பார்ப்பார்கள், இரண்டாம் நாள் தவறினால் முதல் நாள் வென்றதும் சேர்ந்து போய்விடும். ஜூடோவில் முந்தைய நாள் மாலை எடை பார்த்துவிட்டு, மறுநாள் காலை சிலரை மட்டும் கூப்பிட்டு மறுபடி பார்ப்பார்கள். அப்போது பிரிவின் எல்லையைவிட ஐந்து சதவீதம் வரை கூடுதல் இருக்கலாம். பிரேசிலிய ஜியு-ஜிட்சுவின் முக்கியப் போட்டிகளில் சீருடையோடு, முதல் ஆட்டத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துகிறார்கள், இரண்டாவது வாய்ப்பு கிடையாது. ஆகவே 'எப்போது, எதை உடுத்திக்கொண்டு, எத்தனை முறை' என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காகப் பள்ளிப் பிள்ளையைத் தண்ணீர் குடிக்கவிடாமல் ஜாக்கெட் போட்டு ஓடவைக்கும் வேலை வேண்டாம். ஒரு பிரிவு கீழே இறங்கினால் மெடல் நிச்சயம் என்று நினைக்கிறார்கள். காலையிலிருந்து பட்டினி கிடந்த பிள்ளை மதியம் மூன்று மணிக்குக் களத்தில் இறங்கும்போது கால் நகராது. பதினாறு வயதுக்குக் கீழே யாரையும் எடை குறைக்க நான் விடுவதில்லை. வளர்கிற உடம்பு எந்தப் பிரிவில் நிற்கிறதோ அதில் ஆடட்டும்.

வயதுப் பிரிவு இதைவிடக் குழப்பமானது. உலகக் கராத்தே சம்மேளனத்தின் கணக்கில் போட்டி தொடங்கும் நாளில் பிள்ளைக்கு என்ன வயதோ அதுதான்: 14, 15 வயதினர் கேடட், 16, 17 ஜூனியர். உலக டேக்வாண்டோவில் பிறந்த ஆண்டு மட்டும் கணக்கு: 12 முதல் 14 வரை கேடட், 15 முதல் 17 வரை ஜூனியர். 2011 டிசம்பரில் பிறந்த பையனை எடுத்துக்கொள்ளுங்கள். 2026 ஜனவரியில் அவனுக்குப் பதினான்கு முடிந்து ஒரு மாதம். கராத்தேயில் கேடட். டேக்வாண்டோவில் அதே பையன் ஜூனியர். பதினேழு வயதுக்காரனோடு மோத வேண்டும். பள்ளி விளையாட்டுகளில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று இன்னொரு கணக்கு. ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்த பிள்ளைகளின் பெற்றோர் இதை முதலிலேயே பார்த்துவிட்டு, எந்த ஆண்டு எந்தப் போட்டிக்குப் போவது என்று தீர்மானிப்பது நல்லது.

உடை பற்றிச் சுருக்கமாக. கராத்தேயில் ஒருவர் சிவப்பு, மற்றவர் நீலம். பெல்ட், கையுறை, கால் கவசம் எல்லாம் அந்த நிறத்தில். இரண்டு செட்டும் வேண்டும், கடன் வாங்கலாம் என்று போனால் அந்த நேரத்தில் கொடுப்பவரும் ஆட்டத்தில் இருப்பார். ஜூடோவில் வெள்ளை, நீலம் என்று இரண்டு சீருடை. பெரிய போட்டிகளில் கைநீளம், தளர்ச்சி எல்லாம் அளந்து பார்ப்பார்கள். தோடு, மூக்குத்தி, கொலுசு, இரும்புக் கிளிப் எதுவும் கூடாது. கையில் கட்டிய கோயில் கயிறுதான் எப்போதும் தகராறு. சில நடுவர்கள் டேப் சுற்றிவிட்டு ஆடவிடுவார்கள், சிலர் அறுத்துவிட்டு வா என்பார்கள். களத்துக்குள் கூப்பிட்ட பிறகு அறுக்கச் சொன்னால் பிள்ளை அழும், பாட்டிக்கு என்ன பதில் சொல்வது என்று. முந்தின நாள் வீட்டிலேயே கழற்றி சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வரச் சொல்லிவிடுவேன்.

இனி, எந்தப் போட்டிக்குப் போவது. மண்டபம் பிடித்து நடத்தும் ஓப்பன் போட்டிகள் ஒரு வகை. நான்கு நான்கு பேராகப் பிரித்து ஆடவிடுவதால் வந்த எல்லோருக்கும் ஏதோ ஒரு மெடல் கிடைக்கும். இதை ஏமாற்று என்று தள்ளிவிட மாட்டேன். முதல் முறை கூட்டத்தின் முன்னால் நிற்பதற்கு, ஒலிபெருக்கியில் தன் பெயரைக் கேட்டுக் களத்துக்கு ஓடுவதற்கு அது நல்ல பழக்கம். ஆனால் பேனரில் 'இன்டர்நேஷனல்' என்று இருந்தாலும் அந்தச் சான்றிதழ் கல்லூரி இடத்துக்கோ வேலைக்கோ செல்லுபடியாகும் என்று நினைத்துவிடக் கூடாது. நுழைவுக் கட்டணம், உடை, வண்டி, சாப்பாடு என்று ஒரு குடும்பம் அதற்குச் செலவழிப்பதைப் பார்த்தால் வயிறு எரியும்.

சான்றிதழ் முக்கியம் என்றால் வேறு பாதை. பள்ளி வழியாகக் குறுவட்டம், மாவட்டம், மாநிலம், பிறகு இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டி. ஜூடோ, டேக்வாண்டோ, சிலம்பம் எல்லாம் இந்தப் பாதையில் இருக்கின்றன. முதலமைச்சர் கோப்பை தனி. கல்லூரிக்குப் போனபின் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகள். சங்கம் வழியாகப் போனால் மாவட்டம், மாநிலம், தேசியம், ஆசியா என்று ஏற வேண்டும். கராத்தேயில் இளைஞர்களுக்கான யூத் லீக்கும் பெரியவர்களுக்கான சீரிஸ் ஏ, பிரீமியர் லீக் போட்டிகளும் உலகத் தரவரிசைக்கானவை.

சங்கம் என்று சொல்லும்போதுதான் தலைவலி. நம் நாட்டில் ஒரே கலைக்கு இரண்டு மூன்று அமைப்புகள், வழக்குகள், அங்கீகாரம் போய் வருவது எல்லாம் சாதாரணம். நேற்று செல்லுபடியான கையெழுத்து இன்று செல்லாமல் போகலாம். ஆகவே பணம் கட்டும் முன் மூன்று இடத்தில் சரிபாருங்கள்: உலக சம்மேளனத்தின் இணையதளத்தில் இந்தியாவுக்கு எந்த அமைப்பின் பெயர் இருக்கிறது, மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் இந்த ஆண்டுப் பட்டியலில் அது இருக்கிறதா, உங்கள் மாவட்ட விளையாட்டு அலுவலகம் என்ன சொல்கிறது. மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் சான்றிதழுக்கென்று படிவங்கள் உண்டு. நாட்டுக்காக ஆடியதற்கு படிவம் 1, மாநிலத்துக்காக ஆடியதற்கு 2, பல்கலைக்கழகத்துக்கு 3, தேசியப் பள்ளி விளையாட்டுக்கு 4. ஒவ்வொன்றிலும் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று குறிப்பிட்டிருக்கும். பளபளப்பான அட்டையில் அச்சடித்த சான்றிதழ் பத்து இருந்தாலும் அந்தப் படிவம் ஒன்றுக்கு ஈடாகாது. போட்டி முடிந்து ஓரிரு மாதத்துக்குள் கேட்டு வாங்கிவிடுங்கள். நிர்வாகிகள் மாறிய பிறகு பழைய ஆட்டத்துக்குக் கையெழுத்து வாங்குவதற்கு நடையாய் நடக்க வேண்டும்.

விதிப்புத்தகத்தை உலக சம்மேளனங்களின் இணையதளங்களிலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அட்டையில் எந்தத் தேதியிலிருந்து நடைமுறை என்று இருப்பதை முதலில் பாருங்கள். ஜூடோவில் யூக்கோ என்ற மிகச் சிறிய புள்ளியை 2017-இல் நீக்கினார்கள், 2025-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். இப்போது எதிராளியைத் தரையில் ஐந்து வினாடி அமுக்கிப் பிடித்தாலே அது கிடைக்கும், பத்து வினாடிக்கு வசாரி, இருபதுக்கு ஆட்டத்தையே முடிக்கும் இப்பான். இது மாறியது தெரியாமல் நான்கு வினாடியில் பிடியை விட்டுவிட்டு எழும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். மாவட்டப் போட்டிகளிலோ புது விதி வந்து சேரச் சில மாதம் ஆகும், சில இடங்களில் நடுவர்களே பழைய புத்தகத்தில் இருப்பார்கள். அதனால் அறிவிப்பு கைக்கு வந்ததும், அதில் போட்டிருக்கும் எண்ணுக்குப் போன் செய்து எந்த ஆண்டு விதிப்படி நடத்துகிறீர்கள் என்று கேட்டுவிடுவேன். சிலர் உடனே சொல்வார்கள். சிலர் "வாங்க மாஸ்டர், பார்த்துக்கலாம்" என்பார்கள். அந்தப் போட்டிக்குப் புதுப் பிள்ளைகளை மட்டும் கூட்டிக்கொண்டு போவேன்.